உள்ளே வரத் தடை! தேர் இழுக்க அழைப்பு!

பூரி ரெயில் நிலையம். பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. ரெயில் வந்து நிற்கிறது.

பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் இறங்குகிறார். முதுகிலே மூட்டை. கழுத்திலே காமிரா. தலையிலே ஓலைத் தொப்பி.

அவருக்கு எந்த ஊர்? ஜெர்மனி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எதற்கு? பூரி ஜகந்நாதர் தேரோட்டத்துக்கு ஆண்டுதோறும் இப்படிப் பல வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் நம் ஜெர்மனிக்காரர். இன்று முழுவதும் அவர் பின்னாலேயே நாமும் போவோம்.

பூரி எங்கே இருக்கிறது? ஒடிசா மாநிலத்தில், வங்கக் கடல் ஓரத்தில் இருக்கிறது. முன்பு ஒரிசா என்று சொன்னோமே, அதே நாடுதான். 2011ஆம் ஆண்டில் பெயரை ஒடிசா என்று மாற்றினார்கள்.

தேரோட்டம் ஆனி அல்லது ஆடி மாதத்தில் வரும். மழை பெய்யலாம். பெய்யாவிட்டால் கடற்கரைப் புழுக்கம். சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

தலையா, கடலா?

ஜெர்மனிக்காரர் பெரிய வீதிக்கு வருகிறார். ஒரிய மொழியில் அதற்குப் படா தாண்டா என்று பெயர். "பெரிய தெரு" என்றுதான் அர்த்தம். பெயருக்கு ஏற்ற தெரு. நம் ஊர்களில் தேர் நான்கு மாடவீதிகளைச் சுற்றி வந்து நிலைக்கு நிற்கும். பூரியில் அப்படி இல்லை. ஒரே நேர் தெரு. ஒரு கோடியில் ஜகந்நாதர் கோவில். மறு கோடியில் குண்டிச்சா கோவில். இடையில் ஏறக்குறைய 3 கிலோ மீட்டர்.

அந்தத் தெருவில் இன்று மண் தெரியவில்லை. தலைதான் தெரிகிறது. மாடியில் ஜனங்கள். மதில்மேல் ஜனங்கள். தகப்பன் தோளில் பிள்ளை. தண்ணீர் தெளிக்கிறார்கள். விசிறி விற்கிறார்கள். "ஜெய் ஜகந்நாத்!" என்று ஒருவர் கத்துகிறார். லட்சம் குரல் பதில் கொடுக்கிறது.

பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை இடுகிறார்கள். மதுரைப் பக்கத்துப் பெண்கள் கேட்டால், "நம் ஊர்க் குலவை போலவே இருக்கிறதே!" என்பார்கள்.

ஜெர்மனிக்காரர் காதைப் பொத்திக்கொள்கிறார். பிறகு கையை எடுத்துவிடுகிறார். பொத்தி என்ன பயன்?

கை இல்லை, கால் இல்லை!

கோவிலுக்கு உள்ளேயிருந்து சாமி வருகிறது.

வெளிநாட்டுக்காரர் இந்தியச் சாமி என்றால் எதை நினைத்திருப்பார்? கல்லில் செதுக்கிய நடராஜர். பஞ்சலோகத்தில் வார்த்த அம்மன். பூரியில் இருப்பது மரச்சாமி. வேப்பமரம். கருமுகம். தட்டுப்போல இரண்டு வட்டக் கண்கள். கையில் விரல் இல்லை. கால் இல்லவே இல்லை. குழந்தை வரைந்த படம் மாதிரி இருக்கும்.

ஜகந்நாதரோடு அண்ணன் பலபத்திரர் வருகிறார். தங்கை சுபத்திரையும் வருகிறாள். மனைவி லட்சுமி வரவில்லை. அவளைக் கோவிலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்! அந்தச் சண்டை வேறு கதை. திரும்பிப் போகும்போது லட்சுமி கதவைச் சாத்திவிடுவாள். ரசகுல்லா கொடுத்துத்தான் சமாதானம் செய்வார் ஜகந்நாதர். இந்த வீட்டுச் சண்டையை ஆண்டுதோறும் ஊரே கூடி நின்று ரசிக்கிறது.

நம் ஊர் உற்சவர் பல்லக்கில் அமைதியாக வருவார். இந்தச் சாமிகளை அப்படிக் கொண்டு வருவதில்லை. பெரிய மரச்சிலையை ஆட்கள் கட்டிப் பிடித்து, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, அடி அடியாக நகர்த்துகிறார்கள். தலையில் பெரிய பூக்கிரீடம். அது ஆடுகிறது. சேகண்டி அடிக்கிறது. சங்கு ஊதுகிறது. சாமி குடித்துவிட்டுத் தள்ளாடுவதுபோல் இருக்கும். பக்தர்களுக்கு அது குறை அல்ல. அதுதான் அழகு.

தூக்கி வருகிறவர்கள் தைதாபதிகள் என்ற ஊழியர்கள். அவர்கள் அர்ச்சகப் பிராமணர்கள் அல்லர். ஆதியில் காட்டில் இந்தச் சாமியைக் கும்பிட்ட சவரர் தலைவனின் வழிவந்தவர்கள் என்று மரபு சொல்கிறது. தேர்த் திருவிழா நாட்களில் சாமி அவர்கள் பொறுப்பில் இருக்கும்.

புதுத் தேர், ஆண்டுதோறும்

தேர் ஒன்றல்ல, மூன்று.

ஜகந்நாதர் தேருக்கு நந்திகோஷம் என்று பெயர். 16 சக்கரம். சிவப்பும் மஞ்சளுமாகத் துணி போர்த்தியிருக்கும். பலபத்திரர் தேர் தாளத்துவஜம். 14 சக்கரம். சிவப்பும் பச்சையும். சுபத்திரை தேருக்கு 12 சக்கரம். சிவப்பும் கறுப்பும். ஆக 42 சக்கரங்கள். ஒவ்வொரு தேரும் ஏறக்குறைய 45 அடி உயரம்.

இதைக் கேட்டால் நம் ஊர்த் தச்சர்கள் ஆச்சரியப்படுவார்கள்: இந்தத் தேர்களை ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் செய்கிறார்கள்! அட்சய திருதியை அன்று வேலை தொடங்குகிறது. இரண்டு மாதத்துக்குள் மூன்று தேரும் நிற்க வேண்டும். திருவிழா முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். மரம் கோவில் மடைப்பள்ளிக்கு விறகாகப் போகிறது.

விளக்குமாறு பிடித்த ராஜா

சாமிகள் தேரில் ஏறியாகிவிட்டது. கூட்டம் விலகுகிறது. பல்லக்கில் ஒருவர் வருகிறார். வெள்ளை உடை. அவர்தான் பூரி ராஜா. கஜபதி மகாராஜா என்பது பட்டம். திவ்யசிங்க தேவ் என்பது பெயர். நாட்டில் ராஜாக்கள் ஆட்சி போய் எத்தனையோ காலம் ஆகிறது. ஆனாலும் இந்த ஒரு வேலைக்கு அவர் வந்தே தீர வேண்டும்.

என்ன வேலை? பெருக்குகிற வேலை!

தங்கப்பிடி போட்ட விளக்குமாற்றை எடுக்கிறார். மூன்று தேரின் தட்டையும் பெருக்குகிறார். சந்தனத் தண்ணீர் தெளிக்கிறார். ஊருக்கு ராஜாவானாலும் ஜகந்நாதருக்கு வேலைக்காரன் என்பது கணக்கு.

இந்தப் பெருக்கலைப் பற்றி ஒரு கதை உண்டு. அந்தக் கதையில் தமிழ்நாடு வருகிறது!

15ஆம் நூற்றாண்டில் கலிங்கத்தை ஆண்டவர் புருஷோத்தம தேவர். காஞ்சி ராஜாவின் மகள் பத்மாவதியை அவர் பெண் கேட்டாராம். காஞ்சி ராஜா சம்மதித்தார். பிறகு தேர்த் திருவிழாவில் இவர் விளக்குமாறு பிடிப்பதைக் கேள்விப்பட்டார். "வீதி பெருக்குகிறவனுக்கா என் மகள்?" என்று சொல்லிக் கலியாணத்தை நிறுத்திவிட்டார்.

புருஷோத்தமருக்குக் கோபம். படை எடுத்தார். முதல் போரில் தோற்றார். ஜகந்நாதர் முன்னால் விழுந்து அழுதார். இரண்டாம் தடவை போகும்போது, கறுப்புக் குதிரையில் ஒருவர், வெள்ளைக் குதிரையில் ஒருவர், இரண்டு வீரர்கள் படைக்கு முன்னே போனார்களாம். வழியில் ஒரு மோர்க்காரியிடம் தயிர் வாங்கிக் குடித்தார்களாம். "காசு பின்னால் வருகிற ராஜா கொடுப்பார்" என்று சொல்லி ஒரு மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். ராஜா மோதிரத்தைப் பார்த்தார். அது ஜகந்நாதர் விரல் மோதிரம்! (விரலே இல்லாத சாமிக்கு மோதிரம் எப்படி என்று கேட்காதீர்கள். கதை.)

காஞ்சி தோற்றது. இளவரசி பிடிபட்டாள். "இவளை ஒரு வீதி பெருக்குகிறவனுக்குக் கட்டிக் கொடு" என்று மந்திரியிடம் சொன்னார் ராஜா. மந்திரி நல்லவர். ஆனால் கெட்டிக்காரர். தேர்த் திருவிழா வரும்வரை காத்திருந்தார். ராஜா விளக்குமாற்றை எடுத்த நேரம் பார்த்து, பத்மாவதியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். "உலகத்தில் இவரைவிடப் பெரிய பெருக்குகிறவர் யார்? ஏற்றுக்கொள்ளுங்கள்!" என்றார்.

ஒடிசாவில் சின்னப் பிள்ளைகூட இந்தக் கதையைச் சொல்லும். தமிழ்நாட்டில் கேள்விப்பட்டவர்கள் குறைவு. நம் பெண்ணைக் கொண்டுபோன கதையை நாமே மறந்துவிட்டோம்!

கதை இருக்கட்டும். சரித்திரத்திலும் தொடர்பு உண்டு. இன்று நிற்கிற பெரிய கோவிலை 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியவர் அனந்தவர்ம சோடகங்கர். பெயரிலேயே சோழன் இருக்கிறான். அவருடைய தாய் சோழ இளவரசி.

"வா, பிடி!"

ராஜா இறங்கிவிட்டார். மரக்குதிரைகளைத் தேரில் பூட்டுகிறார்கள். கயிறு வருகிறது. மனிதன் கை அளவு பருமன்.

முதலில் அண்ணன் தேர். பிறகு தங்கை தேர். கடைசியில் ஜகந்நாதர் தேர். பொழுது சாய்ந்துவிட்டால் இழுப்பதில்லை. தேர் எங்கே நிற்கிறதோ அங்கேயே இரவு தங்கும். மறுநாள் தொடரும்.

தேர்த்தட்டில் ஒருவர் நின்று கூவி, இழுப்பவர்களை உற்சாகப்படுத்துகிறார். அந்தக் காலத்தில் அவர் பாடிய பாட்டுக்களைக் குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் எழுத முடியாது. இப்போது அந்தப் பாட்டுக்கு இடம் இல்லை.

ஜெர்மனிக்காரர் ஓரமாக நின்று படம் எடுக்கிறார். ஒரு கை அவர் தோளைத் தட்டுகிறது. ஒரு விவசாயி. பாஷை தெரியாது. கயிற்றைக் காட்டுகிறார். தலையை ஆட்டுகிறார். "வா, பிடி!" என்று அர்த்தம்.

காமிரா பைக்குள் போகிறது. வெள்ளைக்காரர் கயிற்றைப் பிடிக்கிறார். முன்னால் ஒரு கிழவி. பின்னால் ஒரு கல்லூரி மாணவன். யார் என்ன ஜாதி, என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கயிறு இறுகுகிறது. ஒரு குலுக்கல். சக்கரம் முனகுகிறது. 45 அடி உயரத் தேர் நகர்கிறது!

ஒரு பழைய புளுகு

இந்த வெள்ளைக்காரர் வீட்டுக்குக் கடிதம் எழுதினால் என்ன எழுதுவார்? நல்லபடியாகவே எழுதுவார் என்று நம்பலாம். ஆனால் அவருக்கு முன்னே வந்தவர்கள் எழுதியது வேறு.

இங்கிலீஷில் "ஜகர்நாட்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. எதிரில் வருவதையெல்லாம் நசுக்கிக்கொண்டு போகிற ராட்சத சக்தி என்று பொருள். பெரிய லாரிக்கும் அந்தப் பெயர் சொல்வார்கள். எங்கிருந்து வந்தது? ஜகந்நாத் என்ற பெயரிலிருந்துதான்! "உலகத்துக்கு நாதன்" என்ற பெயர், கடல் தாண்டியதும் நசுக்குகிற யந்திரம் ஆகிவிட்டது.

காரணம் பயணிகள் எழுதிய கதைகள். 1320களில் ஓடரிக் என்ற இத்தாலிய சாமியார் இந்தியாவுக்கு வந்தார். தேர்த் திருவிழாவில் ஜனங்கள் தாமாகவே சக்கரத்தில் விழுந்து சாகிறார்கள் என்று எழுதினார். வேடிக்கை என்ன தெரியுமா? அவர் எழுதியது பூரியைப் பற்றியே அல்ல. "மோபார்" நாட்டைப் பற்றி. அதாவது நம் சோழமண்டலக் கரையைப் பற்றி! பின்னால் வந்தவர்கள் அதே கதையைப் பூரியின் தலையில் கட்டினார்கள்.

1806இல் பூரிக்கு வந்த புக்கானன் என்ற பாதிரியார் இன்னும் பயங்கரமாக எழுதினார். அதே 1806இல் கிழக்கிந்தியக் கம்பெனி யாத்திரிகர்களிடம் வரி வாங்க ஆரம்பித்தது. 1840 வரை வாங்கியது. சாமியைப் பற்றித் திட்டு ஒரு பக்கம். உண்டியல் ஒரு பக்கம்!

கடைசியில் உண்மையைச் சொன்னதும் ஒரு வெள்ளைக்காரர்தான். வில்லியம் ஹண்டர் என்ற அதிகாரி பழைய குறிப்புகளைப் புரட்டினார். 1872இல் "ஒரிசா" என்ற நூலை வெளியிட்டார். தாமாக விழுந்து செத்தவர்கள் மிக அபூர்வம். பெரும்பாலும் நெரிசலில் தவறி விழுந்த விபத்துகளே என்று எழுதினார். யாத்திரிகர்களை அதிகமாகக் கொன்றது தேர் அல்ல, காலரா என்றும் காட்டினார்.

ஆனால் அகராதியில் ஏறிய வார்த்தை இறங்கவில்லை.

2025: அந்த விடியற்காலை

இந்தப் பழங்கதையை எதற்குக் கிளறுகிறோம்? காரணம் இருக்கிறது. நெரிசல் என்று ஹண்டர் சொன்னாரே, அது இன்றும் தீரவில்லை.

2025ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் தேதி தேரோட்டம். அன்று கூட்டமும் புழுக்கமும் தாங்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் மயங்கி விழுந்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பலபத்திரர் தேர் ஒரு திருப்பத்தில் சிக்கியது. தேர்கள் அன்று குண்டிச்சா கோவிலை அடையவில்லை. மறுநாள்தான் போய்ச் சேர்ந்தன.

29ஆம் தேதி. விடியற்காலை 4 மணி சுமார். தேர்கள் குண்டிச்சா கோவில் வாசலில் நிற்கின்றன. சாமிகள் இன்னும் தேரிலேயே இருக்கிறார்கள். தேரில் இருக்கும் ஜகந்நாதரைப் பார்த்தால் மறுபிறவி இல்லை என்பது நம்பிக்கை. அதற்காக இரவெல்லாம் ஜனங்கள் தெருவிலேயே படுத்துக் கிடந்தார்கள்.

பூஜைக்கு வேண்டிய பொருள்களை ஏற்றிக்கொண்டு இரண்டு லாரிகள் அந்தக் கூட்டத்துக்குள் வந்ததாகச் செய்திகள் கூறின. ஜனங்கள் விலக இடம் தேடினார்கள். இடம் ஏது? ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

மூன்று பேர் இறந்தார்கள். இருவர் பெண்கள். ஏறக்குறைய 50 பேர் காயம் அடைந்தார்கள்.

ஒடிசா முதல்-மந்திரி மோகன் சரண் மாஜி பக்தர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கலெக்டரையும் போலீஸ் சூப்பிரண்டையும் மாற்றினார்கள். இரண்டு போலீஸ் அதிகாரிகளை சஸ்பெண்டு செய்தார்கள். இறந்தவர்கள் குடும்பத்துக்குத் தலா ரூ.25 லட்சம் அறிவித்தார்கள். முக்கியஸ்தர்களுக்குத் தேர் அருகே இடம் ஒதுக்கி, அதிகமாகப் பாஸ் கொடுத்ததுதான் காரணம் என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின.

இதில் யாராவது சக்கரத்தில் விழுந்தார்களா? இல்லை. தேர் ஓடவே இல்லை! நின்ற தேர். தூங்கிய ஜனங்கள். லாரிக்கு ஒரு வழி, மனிதனுக்கு ஒரு வழி என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தால் அந்த மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்.

நெரிசல் எப்படிக் கொல்கிறது?

நெரிசலில் மிதிபட்டுத்தான் சாகிறார்கள் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. மூச்சுவிட முடியாமல் சாகிறார்கள். நின்றபடியே சாகிறவர்களும் உண்டு.

ஒரு சதுர மீட்டர் இடம். அதாவது நீளத்திலும் அகலத்திலும் மூன்றே கால் அடி. அதில் மூன்று பேர் நின்றால் தொல்லை இல்லை. ஐந்து ஆறுக்கு மேல் போனால் ஆபத்து. அப்போது நீங்கள் நடக்கவில்லை. கூட்டம் உங்களை நடத்துகிறது. பின்னால் இருப்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவன் தள்ளுவான். அவன்மேல் குற்றம் இல்லை.

குழந்தையோடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கையை மார்புக்கு முன்னால் மடக்கி வையுங்கள். மூச்சுக்கு இடம் கிடைக்கும். விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். செருப்பு போனால் போகட்டும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாதீர்கள். அது அசையும்போது, அதோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வாக ஓரத்துக்கு வாருங்கள். சுவர் ஓரத்தில் மட்டும் சிக்காதீர்கள்.

பூரியைப் பற்றிப் பேசிக்கொண்டு நாம் உயர்வாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27ஆம் தேதி என்ன நடந்தது? அப்பர் திருவிழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் மாண்டார்கள். அதில் பிள்ளைகளும் உண்டு. அதே மாதத்தில் மதுரையில் கள்ளழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இரண்டு உயிர் போயிற்று.

ஒன்றில் நாம் முந்திவிட்டோம். திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்து நின்றால் 96 அடி. அதற்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. பூரித் தேரைச் சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைப் போட்டுத்தான் நிறுத்துகிறார்கள். அதுதான் அங்கே மரபு. மரபு இருக்கட்டும். ஆம்புலன்ஸ் போக ஒரு சந்து விடுவதற்கு எந்த மரபும் குறுக்கே நிற்காதே!

மூடிய வாசல்

இனி ஜெர்மனிக்காரரிடம் திரும்புவோம்.

அவர் தேர் இழுத்தார். கை சிவந்துவிட்டது. சந்தோஷம். கோவிலுக்கு உள்ளே போகலாமா என்று கேட்கிறார்.

கூடாது!

சிங்க வாசலில் பலகை இருக்கிறது. இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. முன்பு வெளிநாட்டுக்காரர்கள் எதிரே இருந்த ரகுநந்தன் நூல்நிலைய மாடியில் ஏறிக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாக இருந்தது.

அந்த மாடி பெரியவர்கள் பலரைக் கண்டிருக்கிறது. 1984இல் பிரதம மந்திரி இந்திரா காந்தி பூரிக்கு வந்தார். பார்சியை மணந்தவர் என்று சொல்லி உள்ளே விடவில்லை. அவரும் அந்த மாடியில் நின்றுதான் கும்பிட்டார். 2005இல் தாய்லாந்து இளவரசி சிரிந்தோர்ன் வந்தார். புத்த மதத்தவர். வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். 2006இல் ஒரு சுவிட்சர்லாந்துப் பெண்மணி கோவிலுக்கு ரூ.1 கோடியே 78 லட்சம் காணிக்கை கொடுத்தார். பணம் உள்ளே போயிற்று. அவர் போகவில்லை.

காந்தியடிகளுக்கு வேறு கோபம். அந்தக் காலத்தில் ஹரிஜனங்களையும் இந்தக் கோவில் உள்ளே விடவில்லை. 1938இல் கஸ்தூரிபாய் பூரிக் கோவிலுக்குள் போய் வந்தார். கேள்விப்பட்ட காந்தி மனம் உடைந்து போனார். ஹரிஜனங்களுக்கு மூடிய வாசலுக்குள் தன் மனைவி போகலாமா என்பது அவர் கேள்வி. அந்த வாசல் பிறகு திறந்தது. ஒரு காலத்தில் மாறவே மாறாது என்று சொன்ன வழக்கம்தான் அதுவும்.

வெளி மதத்தவர் சங்கதி இன்னும் தீரவில்லை. எந்த மதத்தவரானாலும் உடைக் கட்டுப்பாடு முதலியவற்றுக்கு உட்பட்டு வருவதைப் பற்றி யோசித்துப் பாருங்கள் என்று 2018இல் சுப்ரீம் கோர்ட்டு கோவிலாருக்குச் சொன்னது. 2023 ஜனவரியில் அப்போதைய கவர்னர் கணேஷி லால், வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விடலாம் என்று தம் கருத்தைச் சொன்னார். கோவில் ஊழியர்கள் எதிர்த்தார்கள். அத்தோடு நின்றது.

தமிழ்நாட்டில் எப்படி? கொடிமரம் வரைதான் என்ற பலகை பல கோவில்களில் உண்டு. பழனிக் கோவில் வழக்கில் 2024 ஜனவரியில் ஐகோர்ட்டு மதுரைக் கிளை அந்தப் பலகையை வைக்கச் சொன்னது. ஆனால் இன்னொன்றும் சொன்னது. சாமியிடம் நம்பிக்கை உண்டு, கோவில் வழக்கப்படி நடப்பேன் என்று எழுதிக் கொடுக்கிறவர் உள்ளே வரலாம் என்றது. பூரியில் அந்தச் சின்னக் கதவும் இல்லை.

இன்னும் விசித்திரம் கேளுங்கள். வெள்ளைக்காரர்களிலேயே ஜகந்நாதர் பக்தர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நெற்றியில் நாமம், கையில் ஜபமாலை. ஹரே கிருஷ்ணா இயக்கத்தார். 1967இல் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் தேர் இழுத்தார்கள். பிறகு லண்டன், நியூயார்க் என்று பரவியது. அவர்களையும் பூரிக் கோவில் உள்ளே விடுவதில்லை. ஆனால் அவர்கள் வெளிநாட்டில் தேர் இழுக்கும் தேதி மட்டும் பூரிப் பஞ்சாங்கப்படி இருக்க வேண்டும் என்று பூரி மகாராஜா வற்புறுத்தி வருகிறார். வசதியான நாளில் இழுப்பதை ஆட்சேபிக்கிறார்.

மகாராஜா கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. தீபாவளியைப் பங்குனியில் கொண்டாடினால் நமக்குப் பிடிக்குமா? ஆனால் தேதியில் கட்டுப்பட வேண்டும், வாசலில் நிற்கவும் வேண்டும் என்றால், அந்தப் பக்தன் என்னதான் செய்வான்? கொடுப்பது இரண்டு, வாங்குவது ஒன்றுமில்லை என்றல்லவா ஆகிறது!

பழைய காலத்தார் ஒரு வழி செய்து வைத்திருந்தார்கள். சிங்க வாசலில் தெருவிலிருந்தே பார்க்கும்படி ஒரு ஜகந்நாதர் சிலை இருக்கிறது. பதிதபாவனர் என்று பெயர். தாழ்ந்தவரைத் தூய்மையாக்குகிறவர் என்று அர்த்தம். 18ஆம் நூற்றாண்டில் ஒரு ராஜா, துலுக்கப் பெண்ணை மணந்து கோவிலுக்குள் போகும் உரிமையை இழந்தாராம். அவர் பார்க்க வேண்டும் என்றே இதை வைத்தார்கள் என்று சொல்வார்கள். வெளியே நிற்பவனுக்கும் ஒரு வழி வேண்டும் என்று அன்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

தேர் ஏன் நிற்கிறது?

பெரிய வீதியின் நடுவழியில் ஒரு சமாதி இருக்கிறது. சாலபேகருடைய சமாதி.

சாலபேகர் 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர். தகப்பனார் மொகலாயப் படைத் தலைவர். தாய் இந்துப் பெண். ஜகந்நாதர்மேல் அவர் பாடிய பாட்டுக்களை ஒடிசாவில் இன்றும் வீட்டுக்கு வீடு பாடுகிறார்கள். கோவிலுக்குள் அவரையும் விடவில்லை. தேர்த் திருவிழாவில்தான் அவருக்குத் தரிசனம்.

ஒரு வருஷம் பிருந்தாவனத்துக்குப் போயிருந்தார். திரும்பி வரும் வழியில் காய்ச்சல். "நான் வரும்வரை காத்திரு" என்று கெஞ்சிப் பாடினார். பூரியில் ஜகந்நாதர் தேர் நின்றுவிட்டது. எத்தனை பேர் இழுத்தும் நகரவில்லை. சாலபேகர் வந்து சேர்ந்து கும்பிட்டார். பிறகுதான் சக்கரம் உருண்டது. இதுவும் ஜனங்கள் சொல்கிற கதைதான்.

ஆனால் ஒன்று கதையல்ல. ஒவ்வொரு ஆண்டும் அந்த முஸ்லிம் பக்தரின் சமாதிக்கு எதிரே ஜகந்நாதர் தேரைக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார்கள்.

இப்போதும் நிற்கிறது. கயிறு தளர்கிறது. ஜெர்மனிக்காரர் நெற்றி வேர்வையைத் துடைக்கிறார். "ஏன் நின்றது?" என்று சைகையால் கேட்கிறார். முன்னால் நிற்கும் கிழவி சமாதிப் பக்கம் கையைக் காட்டுகிறாள். ஏதோ சொல்கிறாள். நீளமாகச் சொல்கிறாள். ஒரிய பாஷை. அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. இருந்தாலும் தலையை ஆட்டுகிறார்.

மேலே சேகண்டி அடிக்கிறது. கிழவி பேச்சை நிறுத்திவிட்டுக் கயிற்றைப் பிடிக்கிறாள். அவரும் பிடிக்கிறார்.